மேவிஸ் கீழ்த்தளத்துக்கு இறங்குவதற்குள்

வில்லோ பென்ட், சஸ்காச்சுவான்
ஜனவரி 14

அன்புள்ள மச்சினி லோயிஸுக்கு,

அத்தான் ஹார்லன் எழுதுவது. இங்கே நான் நலம், உன் அக்கா மேவிஸின் புது முழங்கால் நலம். நீயும் ரெஜைனாவில் வழுக்கி விழாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நாற்பது வருஷத்தில் இதுதான் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம். பதற வேண்டாம், யாரும் சாகவில்லை, இதுவரை.

விஷயம் இதுதான். நம் இன்டர்நெட் கம்பெனிக்காரன் இலையுதிர் காலத்தில் போன் செய்து, கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் அவர்களிடமும் ஒரு நகல் வைத்துக்கொள்வதாகவும் மாதம் ஏழு டாலர்தான் என்றும் சொன்னான், மேவிஸ் இருபது வருஷமாகச் சேர்த்த படங்களை நினைத்து நானும் சரி என்றேன், இந்த ஊர் லைனில் அது ஏறி முடிக்க இருபத்துமூன்று நாள் ஆயிற்று, அதுவரை இன்டர்நெட்டில், பனித்தரையில் கல்லைத் தள்ளும் கர்லிங் ஆட்டம் பார்த்தால் தள்ளிய கல் பாதியிலேயே நின்றுவிடும், யார் ஜெயித்தது என்று மறுநாள் பெட்ரோல் பங்கில் போய்க் கேட்டுக்கொள்வேன். எல்லாம் ஏறியாச்சு என்று வந்ததும், அதான் அங்கே பத்திரமா இருக்கே, இங்கே எதுக்கு என்று டிசம்பர் ஆரம்பத்தில் கம்ப்யூட்டரில் இருந்த படங்களை ஒன்றுவிடாமல் அழித்தேன். அதன் பிறகு கம்ப்யூட்டர் குதிரை மாதிரி ஓடிற்று. நேற்று மகள் டாராவின் பள்ளிக்கூடப் படம் ஒன்றைத் தேடினால் அங்கேயும் இல்லை. கம்பெனிக்குப் போன் பண்ணினேன்.

"சார், உங்ககிட்ட எது இருக்கோ அதைத்தான் நாங்க வெச்சிருப்போம். நீங்க அழிச்சா முப்பது நாள் பார்ப்போம், அப்புறம் நாங்களும் அழிச்சிடுவோம்," என்றது அந்தப் பெண்.

"அப்போ நான் எதுக்கும்மா காசு கட்டினேன்?"

"பாதுகாப்புக்கு சார்."

லோயிஸ், அந்தப் படங்கள் மேவிஸுக்கு உசுரு. கம்ப்யூட்டர் கீழ்த்தளத்தில் இருப்பதாலும் டாக்டர் அவளைப் படி இறங்கவே கூடாது என்றதாலும்தான் நான் இன்னும் இந்த வீட்டில் சாப்பிடுகிறேன். அந்தத் தடை அடுத்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இத்தனை வருஷமாக அவள் உனக்கு அனுப்பிய படம் எதுவானாலும் உடனே எனக்கு அனுப்பிவிடு, மங்கலா இருந்தாலும் பரவாயில்லை, உன் கட்டை விரல் விழுந்திருந்தாலும் பரவாயில்லை. அவளுக்கு மட்டும் மூச்சு விடாதே.

இந்தக் குளிர் முழுக்க உன் வீட்டு ஹீட்டர் மக்கர் பண்ணாமல் எரியட்டும் என்று வாழ்த்தும்,
ஹார்லன்

பி.கு.: லோயிஸ், இது மேவிஸ். மனுஷன் உறையை முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டு என்கிட்டயே வந்து ஸ்டாம்பு கேட்கறார். "நானே போட்டுடறேன், நீங்க போய் பனியை அள்ளுங்க"ன்னு வாங்கி, ஆவியில காட்டிப் பிரிச்சேன். 'கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணப்போறேன்'னு அவர் சொன்ன அன்னிக்கே டாராவை வரவழைச்சு, எல்லாப் படத்தையும் ஒரு பென் டிரைவ்ல ஏத்தி மாவு டப்பாவுல போட்டு வெச்சுட்டேன்டி. நீ ஒண்ணும் அனுப்பாதே, தேடிக்கிட்டே இருக்கேன்னு மட்டும் சொல்லு. நேத்துலேருந்து காப்பி படுக்கைக்கே வருது, பாத்திரமெல்லாம் பளபளன்னு இருக்கு. டாக்டர்கிட்ட பேசி, இன்னும் ஒரு மாசம் படி இறங்கக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டேன்.