முருகையாவின் நாற்பதாயிரம்

கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பதில் என்னைப் போன்ற கோழை இந்தப் பாலக்காட்டுச் சீமையில் கிடையாது. கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கவே எனக்கு மூன்று நிறுத்தம் ஆகும். அப்படிப்பட்டவன் ஒரே ஒருமுறை வீரனாகி நாற்பதாயிரம் ரூபாயை வசூல் செய்தேன். அந்த வெற்றியின் அவமானம் இன்னும் தீரவில்லை.

பீர்மேட்டில் குமாஸ்தாவாக இருந்தபோது, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த முருகையாவுக்கு மகளின் நர்சிங் படிப்புக்காகக் கொடுத்த பணம் அது. பத்திரமும் இல்லை, சாட்சியும் இல்லை. பிறகு சொந்த ஊரான வடகரப்பதிப் பக்கமே மாற்றல் வந்து மூன்று வருடம் ஓடிவிட்டது. கிணற்று மோட்டார் புகைந்து நின்ற அன்று கடன் ஞாபகம் வந்தது. மூன்று முறை போன் செய்தேன்; மூன்று முறையும் மழை பெய்கிறதா என்று விசாரித்துவிட்டு வைத்தேன். அவரும் பணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆள் கள்ளன் என்று முடிவு கட்டினேன். மனைவி பூங்கொடியிடம் ஆபீஸ் வேலை என்று பொய் சொல்லிவிட்டு மலையேறினேன். (உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

எஸ்டேட் ஜீப்பில் பன்னிரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஓர் ஒத்திகை தேவைப்பட்டது. பக்கத்திலிருந்த செல்லத்தாய் என்ற அம்மாள் யாரைப் பார்க்கப் போகிறேன் என்று கேட்டதுதான் தாமதம், நம்பிக்கைத் துரோகம், நன்றி கெட்டதனம் என்று உவமைகளோடு எடுத்துவிட்டேன். கடைசி வளைவில் பெயரையும் சொன்னேன். ஜீப் அமைதியானது. என் சொல்வன்மைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். அதில் ஒன்பது பேர் முருகையா குடியிருந்த லயத்துக்காரர்கள். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசை வீடுகள். முதல் வீட்டில் தும்மினால் ஆறாம் வீட்டிலிருந்து நூறாயுசு என்பார்கள்.

இறங்கியதும் தைரியத்துக்காக டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தேன். ஜீப்பில் வந்த லயத்துக்காரர்களுக்கு அது போதுமாயிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது முருகையா தேய்த்த சட்டையோடு வாசலில் நின்றார், கையில் மஞ்சள் பை. அந்த மாதச் சீட்டில் முறை வந்திருந்த பெண் விட்டுக்கொடுக்க, லயமே சேர்ந்து பணத்தை அவருக்கு எடுத்துக் கொடுத்திருந்தது.

"எண்ணிப் பாத்துக்கிடுங்க சார்."

எண்ணினேன். (இரண்டு முறை.) சோறு போட்டார்கள், சாப்பிட்டேன். கிளம்பும்போது முருகையா கேட்டார்: "தங்கச்சி நல்லாருக்கா சார்? மாடு பால் ஒழுங்காக் குடுக்குதா?"

தங்கச்சி என்றது பூங்கொடியை; அது சரி, எங்கள் வீட்டில் மாடு இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? வழி முழுக்க யோசித்தும் விளங்கவில்லை. வீட்டில் பையை வெற்றிக்கோப்பை போல் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். பூங்கொடி காப்பி ஆற்றுவதை நிறுத்தினாள்.

"ஏனுங்க, அந்தண்ணன் போன வருசமே வந்து குடுத்துட்டாருங்க."

நான் ஊரில் இல்லாத ஒருநாள் முழுப் பணமும் வந்திருக்கிறது. என் கைக்கு வந்தால் புத்தகமாக வாங்கி அடுக்கிவிடுவேன் என்று பயந்து, என்னிடம் சொல்லக் கூடாதென அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, மாடு வாங்கிவிட்டாள். எனக்குச் சொன்னது, தாய்வீட்டுச் சீர்.

"ஒரு வருசமா அந்தக் கடனத்தான் காப்பில ஊத்திக் குடிச்சிட்டிருக்கீங்க" என்றவள், முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் இருவரும் மலையேறினோம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு முருகையா தரையைப் பார்த்தார்.

"தங்கச்சிட்ட வாக்குக் குடுத்துட்டேனே சார். சொன்னா ஒங்களுக்குள்ள வருத்தமாயிரும். பணந்தான, ஒழச்சுக்கிடலாம்."

பை சீட்டுக்காரப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. தப்பித்தேன் என்று திரும்பினால் எதிரே செல்லத்தாய்.

"வாங்குனதக் குடுத்துட்டீக, சரி. சொன்னத? ஜீப்புலதான சொன்னீக?"

இறங்கும் ஜீப்பில் முழுக் கதையையும் சொன்னேன், உவமையே இல்லாமல். சரிபார்க்கச் செல்லத்தாயும் ஏறியிருந்தார். நான் விட்டதையெல்லாம் பூங்கொடி எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்து அந்த மாடு ஈன்ற கன்றுக்குப் பூங்கொடி வைத்த பெயர் வட்டி. முருகையா இன்றும் போன் செய்தால் முதல் கேள்வி, "வட்டி நல்லா வளருதா சார்?" என்பதுதான். வளர்கிறது என்று சொல்லிவிட்டுப் போனைப் பூங்கொடியிடம் நீட்டிவிடுவேன். அண்ணனும் தங்கையும் பேசும்போது நான் அங்கே நிற்பதில்லை. அவர்களுக்குள் இன்னும் என்னென்ன வாக்கு இருக்கிறதோ.