சாட்சிக்கூட்டில் ஏறிய வாப்பா

ஊரே அண்ணன் முறையில் அழைக்கும் கூப்பாட்டுக் காக்கா கல்முனைக் கோர்ட்டில் ஒரு பெயரைக் கூப்பிட்டால், சாய்ந்தமருதுக் கடற்கரையில் வலை பொத்துகிறவர்கூட எழுந்து நிற்பார். வழக்காளிகளின் பெயரை மும்முறை கூவுவதே அவர் உத்தியோகம். வீட்டில் சோறு கேட்பதும் மும்முறைதான்.

ஓய்வு பெற்றதும் புது வேலை ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டார். கொழும்பில் சட்டம் படிக்கத் தெரிவாகும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முற்றத்தில் அறிமுக வகுப்பு. கவிழ்த்த மீன்பெட்டிதான் சாட்சிக்கூடு. பிள்ளை சட்டத்தரணி, கூட்டிவந்த தாயோ தகப்பனோ சாட்சி.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை, மகள் பர்ஸானாவோடு நானும் போனேன்.

"ஒளு எடுத்துட்டு ஏறுங்க மாஸ்டர்," என்றார் காக்கா.

"விளையாட்டுத்தானே காக்கா?"

"போன வருஷம் ஒருத்தர் ஒளு இல்லாம ஏறி, தன்ட வயசையே பொய் சொல்லிட்டாரு."

தொழுகைக்குப் போல முகம், கை, கால் கழுவி ஏறினேன். பெட்டி ஆடியது. நானும் ஆடினேன்.

"கேளுங்க மகள். சுருக்கமாக் கேக்கணும்."

பர்ஸானா யோசித்தாள். மனதில் பட்டதைக் கேட்டாள். "வாப்பா, கொழும்புல சேர்ந்து படிக்கச் சம்மதம் எண்டு நான் எழுதித் தந்த கடிதத்தப் போஸ்ட் பண்ணிட்டீங்களா?"

கடிதம் நான்கு நாட்களாக என் சட்டைப் பையில் இருந்தது. கொழும்புக்குப் போகிற வழிநெடுக யுத்தச் சோதனைச் சாவடிகள்; காலையில் போன பஸ் மாலையில் திரும்புமா என்று யாருக்கும் தெரியாத காலம். கடைசித் தேதிக்கு இரண்டு நாள்தான். அது கடந்துவிட்டால் பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடுவாள் என்று பேசாமல் இருந்தேன்.

"மழை வரும் போல இரிக்கு," என்றேன்.

"கேட்டதுக்கு மறுமொழி," என்று காக்கா கூவினார். பக்கத்து வளவுக் கோழிகள் கூரையேறின.

முகத்தில் ஒளுத் தண்ணீர் இன்னும் காயவில்லை. "போடல்ல மகள். எனக்குப் பயம்."

அவள் என்னையே பார்த்தாள். "வேற கேள்வி இல்ல," என்றாள். குரல் உடைந்திருந்தது.

"கேஸ் முடிஞ்சி. ஏறுங்க சைக்கிள்ல," என்றார் காக்கா. தபால் கந்தோர்வரை ஆடு, மாடு, ஆட்கள் எல்லாரையும் கூவி விலக்கிக்கொண்டே போனார். கடிதத்தை நான்தான் போட்டேன். என் முழங்கையை அவர் பிடித்திருந்தார்.

பர்ஸானா பஸ் ஏறிய நாள், போய்ச் சேர்ந்த செய்திக்காகத் தொலைபேசிக் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்தேன். காக்காவும் வந்து உட்கார்ந்தார். அவள் குரல் கேட்கும்வரை, மாலை முழுக்க, அந்த மனிதர் ஒரு வார்த்தையும் கதைக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.