பக்கத்துக் கட்டில்

தலையணைக்கு இடுப்பு வைப்பது லேசான காரியமில்லை. ஒன்று வைத்தால் ஆள் குழந்தை மாதிரி இருந்தது. இரண்டு வைத்தால் நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி இருந்தது. கடைசியில் பாப்பா தன் அழுக்குச் சீருடையைச் சுருட்டி நடுவில் செருகினாள். கறுப்பு லெக்கின்ஸைப் பந்தாக உருட்டித் தலைமாட்டில் வைத்து, பின்னந்தலை தெரிகிற அளவுக்கு மட்டும் வெளியே விட்டுப் போர்வையை இழுத்து மூடினாள். எட்டி நின்று பார்த்தாள். யாரோ ஒரு பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அயர்ந்து தூங்குவது போலவே இருந்தது. அவளுக்கே காலை மெதுவாக எடுத்து வைக்கத் தோன்றியது.

போன் அடித்தது. வீடியோவில் அம்மா.

"எங்கடி அவ? இன்னிக்காவது கண்ணுல காட்டு."

"தூங்குறாம்மா. ராத்திரி டூட்டி முடிச்சுட்டு இப்பதான் படுத்தா." பாப்பா போனைக் கட்டில் பக்கம் ஒரு வீச்சு வீசித் திருப்பிக்கொண்டாள்.

அம்மாவின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "எழுப்பிடாதே. வெளிச்சம் மூஞ்சில அடிக்குது பாரு, போய்த் திரையை இழுத்து விடு."

பாப்பா திரையை இழுத்து விட்டாள். மிச்சப் பேச்சு முழுவதையும் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள், தலையணைகள் விழித்துக்கொள்ளாமல்.

பாப்பா என்பது வீட்டில் கூப்பிடுகிற பேர். இருபது வயதாகியும் யாரும் அதை மாற்றவில்லை. ஓட்டல் நிர்வாகம் படிக்கிற பெண். கல்லூரியில் நன்றாகப் படிப்பவர்களை ஒரு செமஸ்டர் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். ஆளுக்கொரு திசையாக அனுப்பியதில் இந்த ஊர் இவள் பங்குக்கு வந்தது. காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் ஒரு பெரிய ஓட்டலில் பயிற்சி. ஓட்டலுக்குப் பின்னாலேயே விடுதி. அறையில் இரண்டு கட்டில், இரண்டு நாற்காலி, இரண்டு அலமாரி. வந்த அன்றைக்கே இவள் கண்ணாடிக்கு முன்னால் இருந்த பலகையில் பாதியை ஒழித்துத் துடைத்து, வரப்போகிறவளுக்காக வைத்தாள். யாரும் வரவில்லை. அந்தப் பாதி இன்னும் சுத்தமாகத்தான் இருந்தது.

ஓட்டலில் அவளுக்குச் சிரிப்பதுதான் முக்கால்வாசி வேலை. வருகிறவர்களையெல்லாம் சொந்த வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வரவேற்க வேண்டும், பயணம் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். கேட்டாள். பதிலுக்கு அவர்கள் வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டார்கள். சாயந்திரம் அறைக்கு வரும்போது கன்னம் வலிக்கும், வாய்க்கு மட்டும் வேலை இருக்காது. ஒரு விடுமுறை நாளில், காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது பொழுது சாயும் நேரத்தில்தான் அவளுக்கு உறைத்தது. குரல் இருக்கிறதா என்று பார்க்க ஷாம்பு பாட்டிலில் எழுதியிருந்ததை உரக்கப் படித்துப் பார்த்தாள். இருந்தது.

முதல் வாரம் அம்மா போனில், "தனியா இருக்கியே, பயமா இல்லையே கண்ணு?" என்று கேட்டபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. ஆமாம் என்றால் அம்மா அழுவாள். அம்மா அழுதால் அப்பா கல்லூரிக்குப் போன் போடுவார். வீட்டில் ஒற்றைக் காலில் நின்று சம்மதம் வாங்கிக்கொண்டு வந்த பயணம் இது.

"நான் எங்கம்மா தனியா இருக்கேன்? ரூம்ல கூட ஒரு பொண்ணு இருக்காளே."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பாப்பா இரண்டு தரம் ஹலோ சொன்னாள்.

"அப்படியா," என்றாள் அம்மா. கொஞ்சம் விட்டு, "பேரென்ன?"

இவ்வளவு தூரத்துக்குப் பாப்பா யோசித்து வைக்கவில்லை. "அது வாயில நுழையாதும்மா."

"சரி விடு. பக்கத்துக் கட்டில்னு வச்சுக்குவோம்."

அன்றிலிருந்து பக்கத்துக் கட்டில் ஒரு ஆளாகிவிட்டாள். எந்தப் போன் வந்தாலும் முதலில் அவளைப் பற்றித்தான் விசாரணை. பக்கத்துக் கட்டில் எழுந்தாளா, பக்கத்துக் கட்டில் தலைக்குக் குளித்தாளா, ஈரத் தலையோடு வெளியே போகக் கூடாது என்று சொன்னாயா. அப்பா போனைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆள் மட்டும்தான். அவருடைய நெற்றியும் ஒரு காதும் திரையின் ஓரத்தில் தெரியும். அவர்கூட ஒருநாள், "அந்தப் பொண்ணு சாப்பிட்டுதா?" என்று கேட்டுவிட்டார்.

பாப்பாவும் சளைக்கவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு அப்பா, அம்மா, ஒரு தம்பி எல்லாம் கொடுத்தாள். கரப்பான்பூச்சிக்குப் பயப்படுகிறவள் என்றாள். சிக்கல் என்னவென்றால், அளந்து விட்டதை இவள் மறந்துவிடுவாள், அம்மா மறக்க மாட்டாள். தம்பி ஒரு வாரம் தங்கச்சியாகிப்போனபோது, "ரெண்டு பேரும் உண்டும்மா," என்று சமாளித்தாள். குடும்பம் பெருத்துக்கொண்டே போனது.

ராத்திரி டூட்டி என்று சொன்னது கொஞ்ச காலம் ஓடியது. அப்புறம் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "எப்பப் பாத்தாலும் இழுத்துப் போத்திக்கிட்டுக் கிடக்குறாளே, உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

தப்பிக்க வழி கிடைத்ததென்று நினைத்து, "லேசா ஜுரம்மா," என்றாள் பாப்பா. அதுதான் வினையாகிவிட்டது.

அம்மா போனை வைக்கவே இல்லை. உடனே போய்க் கஞ்சி வைக்கச் சொன்னாள். பாப்பா போனைக் கையில் பிடித்துக்கொண்டு விடுதியின் பொதுச் சமையலறைக்கு ஓடினாள். அரிசி குழைந்ததா, உப்புப் போட்டாயா என்று அம்மா அங்கிருந்தே மேற்பார்வை பார்த்தாள். கஞ்சி அறைக்கு வந்ததும் அடுத்த உத்தரவு: ஜுரக்காரி, தானாகக் குடிக்க மாட்டாள், ஊட்டி விடு.

பாப்பா போனைச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "இந்தா, இன்னும் ஒரு வாய்," என்று சொல்லிச் சொல்லித் தானே குடித்தாள். வந்ததிலிருந்து ரொட்டியும் பாக்கெட்டுத் தீனியுமாக ஓட்டிய வயிற்றுக்குள் சூடாக எதுவோ இறங்கியது அன்றைக்குத்தான்.

"முழுசும் குடிச்சாளா?" சுவரிடம் கேட்டாள் அம்மா.

"குடிச்சுட்டாம்மா."

"அழுதாளா?"

"ஏன் அழணும்?"

"வீட்டை விட்டு வந்த பொண்ணு. உடம்புக்கு முடியலைன்னா அழுகை வரும். அழுதா அழட்டும், தடுக்காதே. தலையை மட்டும் மெதுவாத் தடவிக் குடு."

பாப்பா ஒரு கையில் காலிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, இன்னொரு கையைத் தன் தலைமேல் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். ஜுரம் மறுநாளே சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அதை இன்னும் சில நாள் இழுத்தாள்.

பிறகு டூட்டியை மாற்றினாள். இப்போது பக்கத்துக் கட்டிலுக்குப் பகல் வேலை, போன் வருகிற நேரத்தில் அறையில் இருக்க மாட்டாள். தலையணைகளுக்கு ஓய்வு கிடைத்தது. பாப்பா கட்டிலை ஓட்டல் முறைப்படி சுருக்கமில்லாமல் விரித்து வைத்தாள். ஆனால் பழக்கதோஷம், வெளியே போகும்போது கட்டிலைப் பார்த்து "வரேன்" என்பாள். திரும்பி வந்து, அன்றைக்கு எந்த விருந்தாளி என்ன கூத்தடித்தான் என்று ஷூவைக் கழற்றிக்கொண்டே அதனிடம் சொல்வாள். கட்டில் குறுக்கே பேசாமல் கேட்டது.

குளிர் ஏறியது.

"உனக்குக் குளிருதா?" என்றாள் அம்மா.

"எனக்கென்னம்மா, எல்லாம் இருக்கு." உண்மையில் அவள் இரண்டு கட்டில் போர்வையையும் ஒன்றாகப் போர்த்திக்கொண்டுதான் தூங்கினாள்.

"அவளுக்கு?"

"அவதான் பாவம். நடுங்குறா. கொண்டுவந்தது பத்தலை."

"என்ன உசரம் இருப்பா?"

"என் உசரந்தான்."

"அப்ப சுலபம்," என்றாள் அம்மா. அப்பாவோடு ஆபீஸில் வேலை பார்ப்பவர் ஒருத்தர் வேலை விஷயமாக அதே ஊருக்கு வருகிறாராம். அவரிடம் ஸ்வெட்டர் கொடுத்து விடுகிறாளாம். அவர் நேரில் வந்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, போடச் சொல்லி, ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

பாப்பாவுக்குக் குளிர் போய் வேர்த்துவிட்டது. இனி தலையணையை வைத்து ஒப்பேற்ற முடியாது. உயிருள்ள ஒரு ஆள் வேண்டும். வகுப்பில் இருப்பவர்களிடம் அவள் இதுவரை சொன்னது "கொஞ்சம் வழி விடுங்க" மட்டும். யோசித்துப் பார்த்ததில், இந்த ஊரில் அவள் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டு தலையாட்டுகிற ஒரே ஜீவன் லாண்டரி அக்காதான். ஓட்டலில் அழுக்கு விரிப்புகளை வாங்கிக்கொண்டு வெளுத்ததைக் கொடுக்கிறவள். பாப்பாவின் அம்மா வயது இருக்கும், ஆகிருதி அம்மாவைப் போல இரண்டு பங்கு. அவளுடைய மொழி யாருக்கும் தெரியாது. ஓட்டல் மொழியில் அவளுக்குத் தெரிந்தது மூன்றே வார்த்தை: அழுக்கு, சுத்தம், நாளைக்கு.

பாப்பா ஜாடையில் விளக்கினாள். என் அறை, கட்டில், நீங்கள் வந்து உட்கார வேண்டும். லாண்டரி அக்கா கவனமாகக் கேட்டுத் தலையாட்டினாள். சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தாள், இரண்டு வெளுத்த விரிப்புகளோடு.

ஆபீஸ் மாமா வந்தபோது அவள் விரிப்புகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கட்டில் நடுவில் தொய்ந்திருந்தது. மாமா வாசலிலேயே ஒரு கணம் நின்றார்.

"இவங்களா உன்கூடப் படிக்கிற பொண்ணு?"

"கொஞ்சம் லேட்டாச் சேர்ந்தாங்க மாமா."

மாமா நாகரிகம் தெரிந்தவர். படிப்புக்கு வயசு ஏது என்று முனகிவிட்டுப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினார். லாண்டரி அக்கா வாங்கிப் பிரித்தாள். ஸ்வெட்டரை முகர்ந்து பார்த்தாள். கழுத்துப் பட்டையையும் கை விளிம்பையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "சுத்தம்," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பாப்பா போட்டுக்கொள்ளும்படி கெஞ்சலாக ஜாடை காட்டினாள். அக்கா போட்டுக்கொண்டாள். தலை உள்ளே போனது, கைகள் மேலே போயின, தோள் வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. உள்ளிருந்து "நாளைக்கு," என்று ஒரு குரல் கேட்டது.

மாமா ஒரு கையைப் பிடித்தார், பாப்பா இன்னொரு கையைப் பிடித்தாள், எதிரெதிராக இழுத்தார்கள். நடுவில் மாமாவுக்குத் தான் ஏற்ற பொறுப்பு நினைவு வந்து, போனை எடுத்து ஒரு படம் எடுத்தார். தலை இல்லாமல், தூக்கிய இரண்டு கைகள். அந்தச் சூட்டோடு சூடாக அதை அனுப்பியும் விட்டார்.

ஒருவழியாக வெளியே வந்த லாண்டரி அக்கா, முடியெல்லாம் சிலிர்த்து நிற்க, பாப்பாவைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கட்டில் கிறீச்சிட்டது. பாப்பாவுக்கும் தொற்றிக்கொண்டது. வேலைக்காக அல்லாமல் அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. சிரித்து ஓய்ந்ததும் அக்கா எழுந்து, அந்த ஸ்வெட்டரைச் சின்னக் குழந்தைக்கு மாட்டுவது போலப் பாப்பாவின் தலைவழியே மாட்டி, கையை இழுத்துவிட்டு, கீழே பிடித்து ஒரு உதறு உதறினாள். தைத்து வைத்தாற்போலப் பொருந்தியது. அக்கா விரிப்புகளைக் கட்டில்மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மாமா எதையும் கேட்கவில்லை. உடம்பைப் பாத்துக்கம்மா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கதவைச் சாத்துவதற்குள் போன் அடித்தது.

இனி முடியாது என்று பாப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் அவளை ஊருக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு பண்ணினாள்.

"அம்மா, மாமா பாத்தது வேற ஆளு. பக்கத்துக் கட்டில் போயிட்டாம்மா. இன்னிக்குக் காலைல காலி பண்ணிட்டுப் போயிட்டா."

"ஏன்டி?"

"அவளால முடியலைம்மா. வீட்டு நினைப்பு. பேச ஆளில்லை அவளுக்கு. எல்லாரையும் பாத்துச் சிரிக்கிறா, ஒருத்தரும் அவளை என்னன்னு கேக்கலை."

"நீ இருந்தியேடி அவளுக்கு."

"நான் ஒருத்திதானேம்மா இருந்தேன்," என்றாள் பாப்பா.

எதிரே கட்டில் சுருக்கத்தோடு, காலியாக இருந்தது. இல்லாத ஒருத்தி போய்விட்டதற்காக அவள் ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதாள். எப்போதும் பத்து யோசனை சொல்கிற அம்மா உதட்டைக் கடித்தாள். போன் சாய்ந்து மின்விசிறி தெரிந்தது. யாரோ உள்ளே போகும் சத்தமும், சமையல்கட்டுக் கதவு சாத்தும் சத்தமும் கேட்டன.

போன் நிமிர்ந்தது. அப்பாவின் முகம் முழுசாகத் தெரிந்தது. அவர் சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவளும் உள்ள போய் அழுறா, பாப்பா. எம் பொண்ணு நிம்மதியாத் தூங்கணும், அவ ரூம்ல வேற யாரையும் போட்டுடாதீங்கன்னு, நீ கிளம்புறதுக்கு முன்னாடியே காலேஜ்ல கெஞ்சி ஒத்துக்க வச்சதே உங்கம்மாதான்."