பந்தைப் பறிக்கச் சொன்ன விசில் அண்ணாச்சி

பந்தைத் தவிர உலகத்தில் எல்லாவற்றையும் திட்டத் தெரிந்த மனிதர் எங்கள் விசில் அண்ணாச்சி.

தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை மணலில் கால்பந்து ஆடி வளர்ந்தவர். எங்கள் பனியன் கம்பெனி முதலாளி ஏதோ ஒரு டோர்னமென்ட்டில் அவர் ஆட்டத்தைப் பார்த்துச் சொக்கிப்போய், பேக்கிங் செக்‌ஷனில் வேலை கொடுத்துத் திருப்பூருக்குக் கூட்டி வந்தார். நாலைந்து வருஷம் கம்பெனி டீமுக்கு கோலாக அடித்துத் தள்ளினார். அப்புறம் முட்டி போயிற்று. முதலாளி அவர் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக் கோச் ஆக்கிவிட்டார்.

அன்றிலிருந்து பேச்சு பாதி, விசில் பாதி. கேன்டீனில் சாம்பார் வேண்டுமென்றால் ஒரு விசில், ரசத்துக்கு இரண்டு. "விடியக்காலம மொட்டை மாடில நின்னு ஊதுதாவ. பக்கத்து வீட்டுக்காரங்க கம்பெனி வேன் வந்துட்டுன்னு டிபன் பாக்ஸோட ஓடுதாவ" என்று அவர் சம்சாரம் அலுத்துக்கொள்வார்.

அவருக்கு வாய்த்த டீம் நாங்கள். டெய்லர், அயர்னிங், செக்கிங் என்று எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். எதிராளி பந்தோடு வந்தால் மரியாதையாக ஒதுங்கி வழி விடுவோம்.

"ஏல! என்னல வாசல்ல நின்னு வரவேற்குத? பந்தைப் பறில!"

"முன்னப்பின்ன தெரியாதவருங்க அண்ணாச்சி. எப்படிங்க சட்டுனு புடுங்கறது?" என்பான் சென்னியப்பன். அயர்னிங்காரன், எங்கள் ஃபார்வர்டு.

பறிக்கக் கற்றுக்கொடுக்க அண்ணாச்சி ஒரு பயிற்சி வைத்தார். டீ டைமில் ஒருத்தன் கையிலிருக்கும் பஜ்ஜியை இன்னொருத்தன் பிடுங்க வேண்டும். சென்னியப்பன் என் பஜ்ஜியைப் பாய்ந்து பிடுங்கினான். அண்ணாச்சி முகம் மலர்ந்தது. அடுத்த நொடி அவன் அதை இரண்டாகப் பிய்த்துச் சட்னி தொட்டு என்னிடமே நீட்டினான். "பெரிய துண்டு உங்களுக்குங்க."

முதலாளி பொறுமை இழந்தார். "அண்ணாச்சி, இந்த வாட்டியும் தோத்தா டீமே வேண்டாமுங்க. கிரவுண்டுல வேனை நிறுத்திக்கலாம்."

பெருமாநல்லூரில் மேட்ச். அண்ணாச்சி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடைசி நிமிஷம் வரை யாரும் கோல் போடவில்லை. அப்போதுதான் எதிர் டீம் கோல் கீப்பர் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கோல் காலி. பந்து சென்னியப்பன் காலில்.

"அடில! அடில!"

சென்னியப்பன் பந்தை நிறுத்தினான். குனிந்தான். "பலமா பட்டுருச்சுங்களா?"

அவர்கள் ஆள் ஒருத்தன் பந்தை எடுத்துக்கொண்டு பறந்தான். எங்கள் கோல் கீப்பர் நான்தான். ஜெயித்துவிட்டோம் என்று நடு மைதானத்துக்கு ஓடி, இரண்டு கையையும் தூக்கி ஆடிக்கொண்டிருந்தேன். பந்து என்னைத் தாண்டிப் போனதைக் கைதட்டல் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலாளி வந்தார். "ஏனுங்க, இவனுக்கு இப்படி ஆடச் சொல்லிக் குடுத்தது யாருங்க?"

சென்னியப்பன் அழுதுவிடுவான் போலிருந்தது. அண்ணாச்சி விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"நாந்தாம் மொதலாளி. விழுந்தவனத் தூக்கிவிட்டுட்டுத்தாம் ஆடணும்னு நாந்தாம் சொல்லிக் குடுத்தேன்."

திங்கட்கிழமையே கிரவுண்டில் வேன்கள் வந்து நின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், இரண்டு வேனுக்கு நடுவில் பந்தும் கையுமாக நிற்கிறார் அண்ணாச்சி. "என்னல முழிக்க? சந்துல ஆடிப் பழகுனா பாஸ் நேரா போகும். வா!"

இப்போதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலமே டிரைவர்கள் வேன்களை வெளியே ரோட்டோரம் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.