படிவத்தின் கடைசிப் பக்கம்

பள்ளிக்கூடங்களை இணைக்கிற சாட்டில் மனுசியை வீட்டோடு இணைத்துவிடுவது என்று வேலணை ஜெகதீஸ் ஒரு வெள்ளிக்கிழமை முடிவெடுத்தார்.

மனைவி பிரியவதனி நெடுந்தீவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் அதிபர். திங்கள் விடியப் படகேறினால் வெள்ளி பின்னேரம்தான் திரும்புவார். நாலு வருடமாக ஜெகதீஸ் குறிகட்டுவான் துறையில் நின்று, படகு கடுகளவாகும் வரை கை காட்டுவார். பிறகு வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, இரண்டையும் தானே குடிப்பார்.

அவர் கணக்கு வாத்தியார். ஆனால் கல்விக் கந்தோரில் மேசை வேலைக்குத் 'தற்காலிக இணைப்பு'. தற்காலிகத்துக்கு இப்போது ஆறு வயது.

அந்தக் கந்தோருக்குத்தான் கொழும்பிலிருந்து படிவம் வந்தது. நாட்டின் கல்வியை இனி ஊகத்தில் அல்ல, ஆதாரத்தில் திருத்தப் போகிறார்களாம். எந்தப் பள்ளிக்கூடத்தை மூடுவது, எதற்கு என்ன கொடுப்பது என்று எண்கள் சொல்லுமாம். நெடுந்தீவு எண்களைத் திரட்டும் பொறுப்பு ஜெகதீசுக்கு.

சனிக்கிழமை, கணவாய் மீன் வெட்டிக்கொண்டே தொடங்கினார்.

"வதனி, உம்மட பள்ளிக்கூடத்தில இருபத்தாறு பிள்ளையள்தானே. மற்றதோட சேர்த்தா உமக்கும் இஞ்சால மாற்றம் கிடைக்கும்."

"மற்றது நாலு மைல். பிள்ளையள் நடக்கிறதே?"

"கூரை ஒழுகுது எண்டு எழுதலாமே?"

"கூரை போன மாசம் போட்டாச்சு. படிவத்தைத் தாங்கோ, நானே நிரப்பித் தாறன்."

"கொஞ்சம் சோகமா நிரப்பும்."

"ஓமோம்."

ஞாயிறு பின்னேரம் பதினொரு பக்கம் நிரம்பி வந்தது. முதற் பக்கத்திலேயே 'பிள்ளைகள் 26' என்று இருந்தது. அது போதும். விடிந்தால் வதனி போய்விடுவார் என்ற கவலையில், மிச்சத்தைப் புரட்டாமலே ஜெகதீஸ் கையெழுத்து வைத்தார்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. மாற்றம்தான். ஆனால் ஜெகதீசுக்கு.

வெள்ளிக்கிழமை துறையிலேயே கடிதத்தை நீட்டினார்.

"இதென்ன வதனி?"

"கடைசிப் பக்கம் பாக்கேல்லையே? தமிழ் எல்லாரும் பாஸ். கணக்கு ஒருத்தரும் இல்லை. காரணம், மூண்டு வருசமா கணக்கு வாத்தியார் இல்லை. தீர்வு, கந்தோரில ஒருத்தர் சும்மா இருக்கிறார்."

"என்னட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாமே?"

"மூண்டு தரம் கேட்டனான். கடல் ஒத்துக்கொள்ளாதெண்டனீங்கள்." வதனி பையை அவர் கையில் கொடுத்தார். குரல் தணிந்தது. "கை காட்டினா கரையில நிக்கிற ஆளுக்கு மட்டுமே நோகும்? படகில இருக்கிற ஆளுக்கும்தான் நோகுது."

ஜெகதீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

திங்கள் இருவரும் ஒரே படகில் போனார்கள். அலை தூக்கித் தூக்கிப் போட்டது. ஜெகதீஸ் இரண்டு தரம் சத்தி எடுத்தார். மிச்ச நேரமெல்லாம் வதனியின் தோளில் சாய்ந்திருந்தார். கடல் இவ்வளவு சின்னதா என்று கவலைப்பட்டார்.

மறுநாள் காலை அதிபர் விடுதிக் குசினியில், பாடிக்கொண்டே ஜெகதீஸ் இருவருக்கும் புட்டு அவித்தார். சாப்பாட்டுப் பெட்டியோடு புதுமாப்பிள்ளை போல, ஏழரைக்குத் தொடங்கும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது நேரம் ஏழு முப்பத்தாறு.

வதனி நிமிர்ந்தும் பார்க்காமல், ஆசிரியர் வரவுப் பதிவேட்டில் அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

"வதனி, ஆறு நிமிசம்தானே..."

"கோட்டுக்குக் கீழ கையெழுத்து வையுங்கோ, ஜெகதீஸ் சேர்."