ஓ குரூப்புக்கு ஒன்றும் வராது

மயிலாப்பூரில் ஒருத்தர் பெயரும் தெரியாமல், எல்லாருடைய ரத்த வகையும் தெரிந்து வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் காட்டேரி மாமாதான்.

காட்டேரி என்றதும் கோரைப்பல்லையும் சிவந்த கண்ணையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நெற்றி நிறைய விபூதி, தொப்பைக்கு மேல் ஏற்றிக் கட்டிய அரை டிராயர், காலில் அமெரிக்காவிலிருக்கும் பிள்ளை வாங்கி அனுப்பிய பெரிய வெள்ளை ஷூ. இந்த மூன்றும் சேர்ந்து எதிரே வந்தால் அது மாமா. லஸ்ஸுக்குப் பக்கத்துப் பூங்காவில் தினமும் காலையில் நடக்கிற எங்கள் கோஷ்டிக்கு அவர் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவராகவே ஆகிவிட்டார். காட்டேரி என்ற பட்டத்தை மட்டும் நாங்கள் கொடுத்தோம், அதையும் அவர் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வோம்.

புதிதாக யார் கண்ணில் பட்டாலும் முதல் கேள்வி, "நீங்க என்ன குரூப்?" பாதிப் பேர் இந்தக் கிழவர் ஜாதி விசாரிக்கிறார் என்று முறைப்பார்கள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "குரூப் டூ சார், மெயின்ஸ் எழுதியிருக்கேன்" என்று மரியாதையாக எழுந்து நின்றது. மாமா விடவில்லை. "அது கெடக்கட்டும்மா, ரத்தம் என்ன குரூப்?"

பதில் சொன்ன நிமிஷத்தோடு உங்கள் அப்பா அம்மா வைத்த பெயர் காலி. நான் பி பாசிட்டிவ். என் மனைவி ஏபி. "வாங்கோ பி பாசிட்டிவ்! ஆத்துல ஏபி சௌக்யமா?" என்றுதான் பத்து பேர் நடுவில் விசாரிப்பார். மாமியையே, அதாவது அவருடைய சொந்த மனைவியையே, "ஏ பாசிட்டிவ், ஒரு வாய் காபி கெடைக்குமா?" என்று கேட்கிற மனிதரிடம் நாம் என்ன கோபித்துக்கொள்வது?

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். பக்கத்து சபா ஹாலில் இதய டாக்டர் ஒருவர் பேச வந்தார். அனுமதி இலவசம் என்பதால் மாமாவும் மாமியும் முதல் வரிசையில். ஓ தவிர மற்ற குரூப்காரர்களுக்கு மாரடைப்பு வருகிற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்று ஆராய்ச்சிகள் சொல்வதாக டாக்டர் பேசினார். ரத்தத்தை உறைய வைக்கிற சமாசாரம் ஒன்று அவர்கள் உடம்பில் சற்று அதிகமாம். மாமா ஓ பாசிட்டிவ். நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டர் "ஆனால்..." என்று இழுத்து, நிறுத்தி, ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

மயிலாப்பூர்க்காரர்களின் உடம்பில் ஊறிப்போன ஒரு வழக்கம் உண்டு. கச்சேரியில் பாடகர் பெரிய உருப்படியைப் பாடி முடித்து, மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்துக்குக் கையை வைத்தாரோ இல்லையோ, பாதி சபை எழுந்து கேன்டீனுக்கு நடந்துவிடும். டாக்டர் தண்ணீர் குடித்ததும் மாமாவின் உடம்பு அதையேதான் செய்தது. முக்கியமானது முடிந்துவிட்டது, இனி தனிதான் என்று எழுந்து போய்விட்டார். கேன்டீனில் அன்றைக்குக் கீரை வடை பிரமாதம் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

"ஆனால்"க்குப் பிறகு வந்ததை மாமி உட்கார்ந்து கேட்டார். அந்த வித்தியாசம் சின்னதுதான், சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, புகை, தொப்பை இவைதான் பெரிய வில்லன்கள், எந்த குரூப்பாக இருந்தாலும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டாராம். வீட்டுக்கு வந்து மாமி இதைச் சொன்னபோது மாமா ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார்.

"நீ ஏ குரூப், பயந்துண்டே கேட்டிருக்கே. அதெல்லாம் உங்க கூட்டத்துக்குச் சொன்னது, நேக்கில்ல!"

மறுநாளிலிருந்து பூங்காவில் புதுச் சட்டம். ஏ, பி, ஏபி எல்லாம் கூடுதலாகச் சுற்ற வேண்டும், ஓ-க்கள் விருப்பம்போல. மாமாவின் விருப்பம் எப்போதும் பெஞ்சுதான். அங்கே உட்கார்ந்தபடி, கோஷ்டியில் இன்னொருத்தரைப் பார்த்து, "ஏ நெகட்டிவ், கைய வீசி நடங்கோ! மாட்டுப்பொண் பாத்திரம் தேய்க்கச் சொன்னா மாதிரி போறேளே!" என்று அதட்டுவார்.

நடை முடிந்ததும் கோஷ்டியாக ஹோட்டலுக்குப் போய் டிபன் சாப்பிடுவது எங்கள் பரம்பரை வழக்கம். கரைத்த கொழுப்பைப் பூங்காவிலேயே விட்டுவிட்டு வந்தால் உடம்பு ஏமாந்துவிடாதா? அங்கேயும் மாமா விசாரணை நடத்துவார். எனக்கு இட்லி. ஏ நெகட்டிவுக்கும் இட்லி. இட்லியோடு வந்த எங்கள் வடைகள் ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்து அவர் தட்டுக்குப் போகும்.

"மாமா, அது என் வடை."

"ஒமக்கு ஆகாது ஓய். ஒம்ம ரத்தம் கெட்டி. ஒம்ம பேர்ல வர பாவத்த நான் ஏத்துக்கறேன்."

பாவத்தைச் சட்னியில் தோய்த்துச் சாப்பிடுகிற மகானை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பூங்கா வாசலில் ஆட்டோ ஓட்டும் ஏழுமலை ஓ குரூப் என்று தெரிந்த அன்று மாமா அவரைக் கட்டிக்கொண்டார். "நமக்கெல்லாம் எமன் இதயம் வழியா வரமாட்டாம்ப்பா, வேற வழிதான் தேடணும்!"

"எனுக்கு ஏற்கெனவே சிக்னலாண்ட டிராபிக் போலீஸ் ரூபத்துல வந்துகினு கீறான் சார்" என்றார் ஏழுமலை.

சிகரம் வைத்ததுபோல் நடந்தது என் மகள் கல்யாணத்தில். சம்பந்தி வீட்டார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கட்டபொம்மன் மீசை. இப்படிப்பட்ட சம்பந்தி பந்தியில் உட்கார்ந்து ஜாங்கிரியைப் பிட்டு வாயருகே கொண்டுபோகும்போது, பக்கத்து இலை மாமா ஆரம்பித்தார்.

"சம்பந்தி, நீங்க என்ன குரூப்?"

"ஏபி. எதுக்கு கேக்கீரு?"

அவ்வளவுதான். சம்பந்தி கையிலிருந்த ஜாங்கிரி மாமா இலைக்கு வந்துவிட்டது. முகூர்த்தம் முடிந்திருந்தது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"என்னவே பண்ணுதீரு? எச்சிக்கையில இருக்கதப் புடுங்குதீரு?" என்று சம்பந்தி எழுந்தே விட்டார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமா அசரவில்லை. "கோவிச்சுக்கோங்கோ, பாதகமில்ல. ஆனா நாளைக்கே போய் ஹார்ட்டப் பாத்துடுங்கோ. பேரப்பிள்ளைய எடுத்துக் கொஞ்ச வேண்டாமா?"

பேரப்பிள்ளை என்ற வார்த்தை எங்கே போய் வேலை செய்ததோ தெரியாது. கொஞ்ச நாள் கழித்து சம்பந்தி போன் செய்தார். "உம்ம காட்டேரி சொன்னாருன்னு சும்மா போய்ப் பாத்தேன் வே. பிரஷரு எகிறிக் கெடக்காம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா சங்குதான்னுட்டாரு டாக்டரு. அந்த மனுசனுக்கு ஒரு வேட்டி எடுத்து வச்சிருக்கேன், வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லும்."

இப்படித்தான், மாமாவின் அரைகுறைக் கொள்கையால் நாங்கள் எல்லோரும் முழுசாக ஒழுங்காகிவிட்டோம். எனக்குக் கொழுப்புக்கு மாத்திரை, ஏ நெகட்டிவுக்குச் சர்க்கரைக்கு மாத்திரை. மாமியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாமாவே கையைப் பிடித்து லேபுக்கு அழைத்துப் போவார். வெறும் வயிற்றில் போன மாமி வெளியே வந்ததும் குடிக்க பிளாஸ்க்கில் காபி எடுத்துப்போகிற ஒரே கணவர் அந்த லேபில் அவர்தான். "நீங்களும் ஒரு தடவ குடுங்களேன்" என்று ரத்தம் எடுக்கிற பெண் கேட்டால், "ஓ-ம்மா நான்" என்று சிரித்துவிட்டு வந்துவிடுவார். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். எங்கள் பல்லி பானைக்கு மேலேயே உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தது.

ஒரு மார்கழிக் காலை. பூங்காவில் எல்லோரும் மப்ளர் சுற்றிக்கொண்டு நடக்கிறோம். மாமா மட்டும் பெஞ்சில் தொப்பலாக வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். அதட்டல் சத்தம் இல்லை. அதுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

"என்ன மாமா?"

"கேஸ் ஓய். நேத்திக்கு வாழைக்காய் பொடிமாஸ்."

"கையை ஏன் பிடிச்சுண்டிருக்கேள்?"

"ஒருக்களிச்சுப் படுத்துண்டேன், மரத்துப்போச்சு. ஒரு சோடா சொல்லுங்கோ, சரியாயிடும்."

முகம் சுண்ணாம்பு அடித்தது மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "போனா மொதல்ல குரூப்பக் கேப்பா. ஓ-ன்னதும் சிரிச்சு அனுப்பிடுவா. நேக்கு மானம் போகணுமா?" என்றார். ஏ நெகட்டிவ் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். மாமா அதைப் பிடுங்கி, "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டார். நாங்கள் சேர்ந்து தூக்கப் பார்த்தால் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் மூச்சு இரைப்பதைப் பார்த்து நாங்கள் விட்டுவிட்டோம். மல்லுக்கட்டினால் அதுவே ஆளைக் கொன்றுவிடும் போலிருந்தது.

மாமிக்குச் சொன்னோம். அடுத்த தெருதான், அரக்கப் பரக்க வந்தார். மாமாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். அழவில்லை, கெஞ்சவில்லை. பெஞ்சின் மறுகோடியில் மெதுவாக உட்கார்ந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏன்னா... நேக்கு என்னமோ மாதிரி வரதே. மார அடைக்கறதே."

மாமா பெஞ்சை விட்டார். "ஏ பாசிட்டிவ்! என்னடி பண்றது? ஓய், மரம் மாதிரி நிக்கறேளே! ஆட்டோ! ஏழுமல!"

ஏழுமலை வண்டியைப் பூங்காவுக்குள்ளேயே கொண்டுவந்தார். தடுக்க வந்த வாட்ச்மேனிடம், "யோவ், உசுரு போய்க்கினு கீது, நீ இன்னா ரூல்ஸ் பேசிக்கினு கீற!" என்று ஒரு சத்தம். மாமியை ஏற்ற எழுந்த மாமாவை நாங்கள் அப்படியே தாங்கி உள்ளே உட்கார வைத்தோம். அவர் தோளுக்கு மேலாக மாமி என்னைப் பார்த்தார். நோயாளி பார்க்கிற பார்வையாக அது இல்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

வழியெல்லாம் மாமா தன் துண்டால் மாமிக்கு விசிறிக்கொண்டே வந்தார். உதடு வெளுத்திருந்தது, வார்த்தை குழறியது. "மெதுவா மூச்ச விடு. பயப்படாத. நான் இருக்கேன்." முன்சீட்டில் ஏழுமலையோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மாமி டியூட்டி டாக்டரிடம், "நேக்கு ஒண்ணுமில்ல, அவரைப் பாருங்கோ" என்று காதோடு சொல்லிவிட்டார். அந்தப் பெண் கெட்டிக்காரி. "ஐயா, கூட வந்தவங்களுக்கும் ஈசிஜி எடுக்கறது இங்க வழக்கம், படுங்க" என்றார்.

"மொதல்ல அவளுக்கு."

"ரெண்டு பேருக்கும் சேர்த்தே எடுக்கறோம்."

பக்கத்துப் பக்கத்துக் கட்டில், நடுவில் ஒரு திரை. மாமாவின் ஈசிஜியைப் பார்த்ததும் ஆட்கள் ஓட ஆரம்பித்தார்கள். பெரிய அடைப்பு, உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். தள்ளுவண்டியில் மாற்றி உருட்டிக்கொண்டு போகும்போது மாமா தலையைத் தூக்கிக் கத்தினார்.

"மாத்தி எடுத்துட்டேள்! அது ஏ பாசிட்டிவோட ஈசிஜி! என்ன விட்டுட்டு அவளப் பாருங்கோ!"

கதவு மூடிக்கொண்டது. மாமி திரையைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

நல்லவேளை, நேரத்துக்கு வந்துவிட்டோம். எல்லாம் முடிந்து டாக்டர் வெளியே வந்து, "பொழச்சிட்டார். ஆனா சர்க்கரை எக்கச்சக்கமா இருக்கே, பார்த்துக்கிட்டதே இல்லையா?" என்று கேட்டார்.

"ஓ குரூப்புக்கு எதுக்கு டெஸ்ட்டும்பார்" என்றார் மாமி.

"நல்ல குரூப்தாம்மா. அது சர்க்கரைக்குத் தெரியாதே!"

மறுநாள் என்னைக் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்கள். மாமா உடம்பெல்லாம் ஒயரோடு படுத்திருந்தார்.

"ஓய், அவ நடிச்சாளாமே? அவளே சொல்லிட்டா."

கோபமா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அவ ஏ. என்னிக்கு என்ன ஆகுமோன்னு பயந்துண்டே இருந்தேன் ஓய். ஒண்ணு வந்துதுன்னா கூட இருந்து பாத்துக்க நான் இருப்பேன், நேக்கு ஒண்ணும் வராதுன்னு ஒரு தைரியம். அந்த தைரியத்துலதான் ராத்திரி தூக்கமே வரும். இப்போ... நான் போயிருந்தா அவள யார் ஓய் லேபுக்கு அழைச்சுண்டு போவா?"

ஒயரில் படாமல் அவர் போர்வையைச் சரிசெய்தேன். வெளியே வந்து, தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த மாமியிடம் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அப்போ நான்தான் முன்னாடி போவேன்னு முடிவே பண்ணி வெச்சிருந்தாரா? நன்னாருக்கே கதை!" என்று மாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், புடவைத் தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டு முதல்முறையாக அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அந்த மனிதர் பிழைத்ததில் ரொம்பச் சந்தோஷப்பட்டது யார் என்று கேட்டால், மாமிக்கு அடுத்தபடி நான்தான்.