ஒரு கோல்காவலரும் எதிர்காலப் பரிசீலனையும்

எந்த ஊருக்கும் ஒரு நிர்வாகம் வேண்டும். எங்கள் ரஸ்டன் லேக் ஊரில் நகராட்சி ஒன்று இருக்கிறது. ஆனால் அதை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தெருவில் பனி இடுப்பளவு குவிந்து கிடந்தாலும் பொறுத்துப்போவோம். எங்கள் ஐஸ் ஹாக்கி அணி தோற்றால் மட்டும் பொறுக்க மாட்டோம். ஆகவே, எங்களைப் பொறுத்தவரை நிர்வாகம் என்றால் ரஸ்டன் லேக் மூஸ் அணியின் அலுவலகம்தான்.

அந்த ஆண்டு நவம்பர் முடிவதற்குள்ளேயே அணி கடைசி இடத்தைப் பிடித்துக்கொண்டது. கோல் அடிக்கக் கூடிய இருவருக்கு முழங்கால் போயிற்று. மூன்றாமவர் நல்ல சம்பளம் கிடைத்து ஸ்வீடனுக்குப் போய்விட்டார். கோல் அடிக்க ஆளில்லாமல் ஓர் அணி தோற்றால் குற்றவாளி யார்? கோல்காவலர்தான். மற்றவர்கள் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே இடத்தில் நிற்பவர் அவர் ஒருவரே. திட்டுவதற்கு அதுதான் வசதி.

எங்கள் கோல்காவலர் ரேமோன் தெல்லியே. அமைதியான மனிதர். ஏரிக்கரையில் வீடு வாங்கியிருந்தார். மனைவி கோலெட்டுக்கு மார்ச் மாதம் குழந்தை பிறக்க இருந்தது. அதுவரையாவது இந்த ஊரில் இருந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

எனக்குப் பக்கத்து இருக்கை டோரீனுடையது. டோனட் கடை வைத்திருப்பவர். கோலுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, கண்ணாடித் தடுப்பையும் மீறிக் கேட்கும்படி கத்துவார்.

"யோவ் ரேமோன்! என் கடைக் கதவுகூட உன்னைவிட நல்லா அடைக்கும்யா!"

ரேமோன் முகமூடியைத் தூக்கினார். "நாலுதான் உள்ள போச்சு, டோரீன். முப்பது தடுத்திருக்கேன்."

"தடுத்ததையெல்லாம் யாரு எண்ணிக்கிட்டு இருப்பா?"

டிசம்பரில் புதிய பொது மேலாளர் வந்தார். பெயர் பிரெஸ்டன் விக்ஸ். அதற்கு முன் ஒரு மெத்தை கம்பெனியைச் சீரமைத்தவர். வந்த முதல் நாளே 'புத்தாக்கத் திட்டம்' ஒன்றை வெளியிட்டார். அதன்படி, மேற்படி ரேமோன் தெல்லியே, தெற்கே ஒரு நாள் பஸ் பயணத்தில் இருக்கும் பெல்மோர் அணிக்கு, எதிர்காலப் பரிசீலனைக்கு ஈடாக மாற்றப்பட்டார். இப்போது ஆளைக் கொடுத்துவிடுவது, பதிலுக்கு அவர்கள் பின்னால் எதையாவது கொடுப்பது என்று இதற்குப் பொருள். எங்கள் லீகில் இது வழக்கம்தான். ஓர் அணி இப்படி ஒருமுறை பழைய பஸ் ஒன்றைப் பெற்றுக்கொண்டது.

ரேமோன் அலுவலகத்துக்குப் போனார்.

"மிஸ்டர் விக்ஸ், மார்ச்ல எங்களுக்குக் குழந்தை பிறக்கப் போகுது. இந்த சீசன் முடியட்டுமே?"

"வாழ்த்துகள், ரேமோன்! உங்க குடும்ப மகிழ்ச்சியில நிர்வாகம் முழு மனசோட பங்கெடுத்துக்குது. பஸ் காலைல ஆறு மணிக்கு."

"எனக்குப் பதிலா யாரு வர்றாங்க?"

"எதிர்காலப் பரிசீலனை."

"அது கோல் முன்னாடி நிக்குமா?"

"இப்போதைக்கு நிக்காது. ஆனா வளர்ச்சி வாய்ப்புன்னு பார்த்தா உங்களைவிட அதுக்கு அதிகம்."

ரேமோன் போனார். ஊரெங்கும் சுவரொட்டி வந்தது: 'எதிர்காலப் பரிசீலனை வருகிறது! இருக்கைகளுக்கு முந்துங்கள்!' முந்தினோம். டோரீனின் கடையில் வேறு பேச்சே இல்லை.

"ஆறடி நாலங்குலமாம்," என்றார் டோரீன்.

"யாரு?"

"அந்தப் பரிசீலனைதான். ஃபின்லாந்துக்காரன்னு சொல்றாங்க."

இதற்கிடையில் மாற்றுக் கோல்காவலரை நிறுத்தி விளையாடினோம். ஆட்டத்துக்கு ஏழெட்டு கோல் உள்ளே போனது. ரேமோன் போன பிறகுதான் ரேமோனின் அருமை எங்களுக்குத் தெரிந்தது. "ரேமோனா இருந்தா இதைத் தடுத்திருப்பான்" என்று டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மக்களின் உணர்வை நிர்வாகம் மதித்தது. பெரிய ஆட்டக்காரர்களுக்கு அவர்கள் ஓய்வு பெற்றபின் செய்யும் மரியாதையை ரேமோனுக்கு அப்போதே செய்தது. அவருடைய முப்பதாம் எண் சட்டையை அரங்கத்தின் கூரையில் ஏற்றித் தொங்கவிட்டது. இனி அந்த எண்ணை வேறு யாரும் அணியக் கூடாது.

பெல்மோரில் ரேமோனுக்கு வேலையே இல்லை. அங்கே காயம்பட்டிருந்த கோல்காவலர்கள் இருவரும் குணமாகிவிட்டார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிப்ரவரியில் விக்ஸ், கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள் என்று கேட்டார். "என்ன வேணும்?" என்றது பெல்மோர். "ஒரு கோல்காவலர்." "எங்ககிட்ட ஒருத்தர் கூடுதலா இருக்காரே!"

இவ்வாறாக, ரேமோனுக்கு ஈடாக ரேமோன் வந்து சேர்ந்தார். விதிப்படி இதில் எந்தத் தவறும் இல்லை.

வரவேற்பு விழா நடந்தது. புதிதாக வரும் வீரர்களுக்குக் கொடுக்கும் ஊர் வழிகாட்டிப் புத்தகத்தை அவரிடம் கொடுத்தார்கள். அதன் அட்டையில் ஏரிக்கரைப் படம் இருந்தது. அவர் வீடும் தெரிந்தது.

"என் முப்பதாம் நம்பர் சட்டை எங்கே?" என்று கேட்டார் ரேமோன்.

விக்ஸ் மேலே காட்டினார். "அது ரேமோன் தெல்லியேவோடது. அதைத் தொடக் கூடாது."

"நான்தானே ரேமோன் தெல்லியே?"

"அவர் போன ரேமோன். நீங்க வந்த ரேமோன். நிர்வாகம் ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. உங்களுக்கு முப்பத்தொண்ணு."

முதல் ஆட்டத்தில் முப்பத்தொன்றாம் எண் மிக நன்றாக விளையாடியது. இரண்டே கோல்தான் உள்ளே போயிற்று. நாங்கள் ஒன்றும் அடிக்கவில்லை.

"பரவாயில்ல," என்றார் டோரீன். "ஆனா பழைய ரேமோனோட கை வேகம் இவன்கிட்ட இல்ல."

"டோரீன், இது அவரேதான்."

"அவன்தான்னு எனக்குத் தெரியாதா? வாரா வாரம் என் கடைக்கு வர்றவன். நான் ஆட்டத்தைப் பத்திப் பேசறேன்."

நான் யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வது சரியென்றே பட்டது. அடுத்த ஆட்டத்தில் அரங்கமே எழுந்து நின்று, "பழைய ரேமோன் வேணும்! பழைய ரேமோன் வேணும்!" என்று கத்தியது. ரேமோன் ஒருமுறை கூரையை அண்ணாந்து பார்த்தார். அந்த நேரத்தில் ஒரு கோல் உள்ளே போய்விட்டது. எங்கள் சந்தேகம் உறுதியாயிற்று.

விக்ஸ் உடனே பெல்மோருக்குத் தொலைபேசினார்.

"ரசிகர்கள் பழைய ரேமோனைக் கேக்கறாங்க. அனுப்ப முடியுமா?"

"அவர் உங்ககிட்டதானே இருக்கார்?"

"எங்ககிட்ட இருக்கறது புதுசு."

பெல்மோர் மேலாளரும் ஒரு நிர்வாகி. எனவே அவருக்கு இது புரிந்தது. "அப்படின்னா அந்தப் புதுசை இங்க அனுப்புங்க. பழசா திருப்பி அனுப்பறோம்."

மார்ச் முதல் வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு ஆள் மாற்றக் கூடாது என்பது லீகின் விதி. விக்ஸ் வெள்ளிக்கிழமை காலையில் ரேமோனை அனுப்பினார். கோலெட் அந்த நிறைமாத வயிற்றோடு பஸ் அருகில் வந்து நின்றார்.

"ரெண்டு நாள்ல திரும்பிடுவியா?" என்று கணவரைக் கேட்டார்.

"திரும்பிடுவேன்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"நிர்வாகம்."

டோரீன் ஒரு டஜன் டோனட்டை ஜன்னல் வழியாக ரேமோனின் மடியில் வைத்து, "போயிட்டுப் பழைய ரேமோனா வா!" என்றார். நாங்கள் எல்லோரும் கைதட்டி வழியனுப்பினோம்.

புதிய ரேமோன் போனதை லீக் காலையிலேயே ஏற்றுக்கொண்டது. பழைய ரேமோன் வருவதற்கான ஒப்புதலைப் பெல்மோர் மதிய உணவு முடிந்த பிறகு அனுப்பியது. லீக் அதை நிராகரித்தது. விக்ஸ் கூட்டம் போட்டு அறிவித்தார்: "பழைய ரேமோனின் வருகை அடுத்த சீசனுக்குச் சீரமைக்கப்பட்டுள்ளது. அதுவரை, லீகிலேயே மிக வலுவான எதிர்காலம் நம்மிடம்தான் இருக்கிறது." அரங்கம் அதிர்ந்தது. அடுத்த சீசனுக்கான இருக்கைகள் ஒரே வாரத்தில் தீர்ந்தன. எனக்கு ஒன்று கிடைத்தது.

மார்ச் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. பெல்மோர் அன்று வெளியூரில் ஆடிக்கொண்டிருந்தது. ரேமோன் அங்கே பெஞ்சில் இருந்தார்.

ஏப்ரலில் கோலெட் குழந்தையோடு டோனட் கடைக்கு வந்தார். டோரீன் குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "கவலைப்படாதேம்மா. அக்டோபர்ல உன் பழைய ரேமோன் வந்துடுவான்," என்றார்.

"வரட்டும்," என்றார் கோலெட். "நீங்க முதல்ல ரெண்டு மேட்ச் பார்த்துடுங்க. வெச்சுக்கறீங்களா, திருப்பி அனுப்பறீங்களான்னு முடிவு பண்ணுங்க. அதுக்கப்புறம் இவளுக்கு 'இதுதான் அப்பா'ன்னு காட்டறேன்."

டோரீன் யோசித்தார். நாங்களும் யோசித்தோம்.

"ரெண்டு போதாதும்மா," என்றார் டோரீன். "அஞ்சு மேட்ச் பார்த்தாத்தான் சரியா சொல்ல முடியும்."

அதுவே நியாயம் என்று நாங்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.